தறிக்குழிக் கம்ப்யூட்டர்

மார்கழி மாதத்தில் இட்லி புளிக்கிற வீடு செவிலிமேட்டிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். தெருவில் மற்ற பெண்களெல்லாம் மாவு பொங்கவில்லையே என்று பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றிவைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணத்தின் மாவு மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. வாயில் வைத்தால் பல் கூசியது.

சுகாசினி ஒரு விள்ளலைப் பிட்டுச் சட்னியில் அமுக்கினாள். அடுப்படியில் நிற்கிற மாமியாருக்குக் கேட்கவேண்டும் என்றே புருஷனிடம் சத்தமாகச் சொன்னாள்.

"இன்னாங்க, எங்க கம்பெனி கேன்டீன்ல போடுவான் பாருங்க இட்லி, அதுவே தேவலாம். இது மாவா, புளிச்ச மோரா?"

லோகேஸ்வரன் தலையைத் தூக்கவில்லை. அவனுக்குப் பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. நாளெல்லாம் வருகிறவர்களிடம் 'இது புடிக்கலன்னா வேற காட்டறேன்மா' என்று சொல்லிச் சொல்லி, பிடிக்கவில்லை என்ற வார்த்தையே அவன் காதில் ஏறாமல் போய்விட்டது. புளிப்பு, உப்பு, உறைப்பு எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு தின்பான். அந்த முகத்தைக் கண்டாலே சுகாசினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பனில மாவு பொங்கறதே பெரிய விஷயம்மா" என்றாள் சம்பூர்ணம். "எதிர்வூட்டு மணியம்மா வந்து கேட்டுட்டுப் போறா, எப்டிக்கா உனுக்கு மட்டும் பொங்குதுன்னு."

"அதுல ஒரு பெருமை வேற."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். உள்ளறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஃபேன் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. எச்சில் கையோடு ஓடினாள். திரை கறுத்துக் கிடந்தது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். நன்றாக ஓடிக்கொண்டேயிருக்கும், அரைமணி ஆனதும் செத்துப்போகும்.

"போச்சா?" என்று கேட்டபடி லோகேஸ்வரன் கை கழுவிக்கொண்டு வந்து நின்றான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்."

சுகாசினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு வைத்தியத்தைத் தவிர இந்த மனுஷனுக்கு வேறு எதுவும் தெரியாது. மிக்சிக்கும் அதுதான், பைக்குக்கும் அதுதான். நாளைக்குத் தனக்கு மூச்சு நின்றாலும் அதையேதான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய தொழில் இதுதான். கல்யாண மேடையைக் கட்டுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டவேண்டும். மண்டபத்து வாசலில் நுழைந்து, வாழைமரம், பூப்பந்தல், சீரியல் விளக்கு எல்லாம் தாண்டி மேடைவரை நடந்துபோகிற மாதிரி ஒரு வீடியோ. அவள் வரைந்து கொடுத்ததை அந்த மெஷின் ஒவ்வொரு படமாக, வெளிச்சமும் நிழலுமாகத் தீட்டித் தள்ளும். அதற்குப் பெயர் ரெண்டர். தீட்டுகிறது பெட்டிக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு. அதுதான் இப்போது சூடேறிச் சூடேறிச் செத்துக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் அதன் சூடு எண்ணாக ஓடும். எழுபது, எண்பது என்று ஏறும். தொண்ணூறைத் தாண்டினால் எல்லாம் கறுத்துவிடும்.

மேடை அலங்காரம் எடுத்துச் செய்கிற சங்கரி ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ கேட்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள். "அவங்களுக்குப் புடிச்சிப்போச்சின்னா தை மாசம் மொத்தமும் உனுக்குத்தான்மா. இல்லன்னா நான் மெட்ராஸ் ஆளுக்கே போய்டுவேன், மூஞ்சப் பாக்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். சங்கரி மூஞ்சி பார்க்கிறவள் இல்லைதான்.

அது கைவிட்டுப் போனால் சுகாசினி திரும்பவும் பஸ் ஏறவேண்டும். ஒரகடம் பக்கம் செல்போன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். விடிவதற்குள் பாலாற்றுப் பாலத்துப் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். ஒண்ணுக்குப் போக லீடரிடம் கைதூக்கிக் கேட்கவேண்டும். போனில் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டு கம்பெனியை விட்டாள். விடும்போது வீட்டில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்: தை பிறக்கிறதுக்குள் இது தேறவில்லை என்றால் திரும்பக் கம்பெனிக்கே போகிறேன். சொன்னதை மாமியார் மறக்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் யாராவது தெருவில் போனால், "இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்மா?" என்று தவறாமல் கேட்பாள்.

வீடு வாடகை வீடு. முன்பு நெசவாளி குடும்பம் இருந்த வீடு. வீட்டுக்காரர் அடுத்த தெருவில் மாடி வைத்துக் கட்டித் தறிகளைக் கொண்டுபோய்விட்டார். உள்ளறையில் தறிக்குழி மட்டும் அப்படியே இருந்தது. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி. மூடக்கூடாது, நாளைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லி, மேலே பலகைகளைப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பலகைமேல்தான் சுகாசினியின் மேஜையும் நாற்காலியும். கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் கீழே, குழிக்குள்.

அது அவளுடைய யோசனை. அவள் அப்பா முனிரத்தினம் தென்னேரியில் கூலிக்கு நெய்தவர். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது தறிக்குழிக்குள் தொங்குகிற அவர் கால் மட்டும் ஜில்லென்று இருக்கும். அம்மா தயிர்ச்சட்டியை அந்தக் குழியின் மூலையில்தான் வைப்பாள். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே சுகாசினி பலகையைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தாள். "ஏசி வாங்க வக்கில்லாதவங்களுக்கு இதாங்க ஏசி" என்று புருஷனிடம் சொன்னாள். மண் உதிராமல் நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் அடித்து, பெட்டியை இறக்கி, எலி போகாமல் இருக்க மேலே பலகையும் மூடினாள். ஒயர் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

அன்றைக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்தன் கமல் ஒன்று சொன்னான். "அண்ணி, மூடி வெச்சா காத்து எங்கேருந்து வரும்? மேஜ மேல வெச்சிருங்க."

"உனுக்குத் தறி தெரியுமா, குழி தெரியுமா? நான் குழியாண்டயே வளந்தவ. வந்துட்டான் சொல்லிக் குடுக்க."

கமல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். சுகாசினி கணக்குப்படி அவன் இன்டர்வியூவுக்குப் போனதைவிட முடிவெட்டிக்கொள்ளப் போனது அதிகம். நாள் முழுக்க வீட்டிலேயே கிடப்பான். போனில் எவனோ ஒருவன் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுப் பேசுவதை வாய் பிளந்து பார்ப்பான்.

அன்று காலை மெஷினைத் திரும்ப உயிர்ப்பித்தபோதுதான் சுகாசினி அதைக் கண்டாள். திரையின் கீழ்மூலையில் அவள் போடாத ஒரு படம். அழுத்தினால் கார்டின் வேகத்தை ஏற்றி இறக்குகிற புரோகிராம். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேலே முடுக்கி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்பது அவளுக்கும் தெரியும். அதில் ஒரு கணக்கு சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பெயர்கூட வைத்திருந்தான்: கமல் மாஸ்.

அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. கமல் வாசலில் பல்லில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான். எதிரே மணியம்மாள் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். கீரைக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டு அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆள் இருப்பதைப் பார்த்துச் சுகாசினி நிதானிக்கவில்லை. ஆள் இருக்கிறதே நல்லது என்றுதான் நினைத்தாள்.

"கமலு, என் மெஷின்ல இன்னா பண்ணே?"

அவன் துப்பிவிட்டு வந்தான். "இன்னா அண்ணி?"

"ஸ்பீடு ஏத்துனியா, இல்லியா?"

"அது எப்பவோ அண்ணி. நீங்க திருமுக்கூடல் போயிருந்தீங்க இல்ல, அன்னிக்கு. ஒரு கேம் ஆடறதுக்குக் கொஞ்சமா ஏத்துனேன். அன்னிக்கே எறக்கிட்டேன். பாருங்க, இப்ப இருக்கறது எல்லாம் கம்பெனிக்காரன் வெச்ச நம்பர்தான்."

"ஏத்துனியா, இல்லியா?"

"ஏத்துனேன்."

"கேட்டுக்கங்க மணியம்மாக்கா. இவன் ஏத்துனானாம். பொறந்ததுலேருந்து இவன் வாழ்க்கைல ஏத்துனது அது ஒண்ணுதான். அதுக்குப் பேரு வேற வெச்சிருக்கிறான், கமல் மாஸ். சம்பாதிக்கத்தான் துப்பில்ல, சம்பாதிக்கறவ பொருளையாவது தொடாம இருக்கலாம் இல்ல? அண்ணன் சோத்தத் தின்னுக்கினு, அண்ணி சோத்துல மண்ணப் போட்டுக்கினு, இதெல்லாம் ஒரு ஆம்பள."

அன்னம்மாள் கீரைக்கட்டை எடுத்து எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். மணியம்மாள் பூவை வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்தாள். கமலின் உதட்டோரத்தில் பேஸ்ட் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, எறக்கிட்டேன்னு சொல்றேன் இல்ல. ஏத்துனதால வர்றதுன்னா ஓட ஆரம்பிச்ச ஒடனே நின்னுடும். இது அரமணி கழிச்சி நிக்கிது. சூடு சேந்துக்கினே போய் நிக்கிது. வேற எதனா..."

"நீ படிச்ச படிப்ப என்னாண்ட காட்டாத. ஒரு வாட்டி சுட்டுட்ட, சுட்டது சுட்டதுதான்."

அவன் அண்ணனைப் பார்த்தான். லோகேஸ்வரன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தான். கமல் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்று சம்பூர்ணம் பிற்பாடு முணுமுணுத்தாள். ஒரு வேளைக்கான புளித்த இட்லி மிச்சம் என்று சுகாசினி நினைத்துக்கொண்டாள்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி மார்க்கெட் பக்கம் அப்துல் சத்தார் கடைக்குக் கொண்டுபோனாள். சத்தார் பாய் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், ரிப்பேர் பார்ப்பதெல்லாம் மகன் ஷோயப். அவன் கார்டைக் கழற்றிப் பிரித்தான். சிப்பின் மேல் சூடு கடத்துவதற்காகத் தடவுகிற பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாகத் தடவினான். ஃபேன் இறக்கைகளில் அப்பியிருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டான். பெட்டியின் பக்கத் தகட்டை மூடாமல் கடை மேஜைமேல் வைத்து, அவள் கொண்டுவந்த வேலையையே ஓடவிட்டான்.

ஓடியது. சத்தார் பாய் மத்தியான லுஹர் தொழுகை முடித்து வந்து டீ சொல்லியும் ஓடிக்கொண்டிருந்தது. சூடு எழுபதைச் சுற்றியே நின்றது.

"கார்டு நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றான் ஷோயப். "வூட்ல எங்க வெச்சிருக்கீங்க?"

"உன் கடயவிடக் கூலான எடத்துலதான்."

"அதில்லக்கா, காத்தோட்டம்..."

"தம்பி, ஜில்லுன்னு இருக்கற எடம். கை வெச்சா குளிரும். அதப் பத்தி நீ கவலப்படாத."

"அப்ப கரண்டுதான் பாக்கணும். வோல்டேஜ் ஏறி எறங்குதோ இன்னாவோ. இல்லன்னா இங்கயே வுட்டுட்டுப் போங்க, ஓடட்டும். நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"என் டிசைன உன் கடைல போட்டு, போறவன் வர்றவனுக்கெல்லாம் படம் காட்டறதுக்கா?"

சத்தார் பாய் டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "கோவப்படாதம்மா. வேணும்னா பையன் ஒரு நடை வந்து பாக்கட்டும்."

"வேணாம் பாய். பாத்தவரைக்கும் போதும்."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவள் மனசுக்குள் அப்பனையும் பிள்ளையையும் ஒரு பாட்டம் தீர்த்தாள். மேஜையில் பரத்திப் போட்டு ஓட்டினால் எந்த மெஷின்தான் ஓடாது. கோளாறு எது என்று சொல்லத் தெரியாதவன்தான் கரண்டைக் குறை சொல்வான். ஆனாலும் பயமும் இருந்தது. கையில் மிச்சம் ரொம்ப நாள் இல்லை.

வீட்டில் குழிக்குள் இறக்கி, பலகையை மூடி, ஓடவிட்டாள். அரைமணி ஆனதும் கறுத்தது.

அன்று சாயங்காலம் லோகேஸ்வரன் மணியம்மாள் வீட்டு டிவி ஸ்டெபிலைசரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். தானாக ஒரு காரியம் செய்துவிட்ட பெருமையில் அவன் முகம் கொஞ்சம் விரிந்திருந்தது. அதை மாட்டினார்கள். கறுத்தது. கார்டை இயக்குகிற டிரைவர் புரோகிராமை அழித்துப் புதிதாக ஏற்றினாள். கறுத்தது. கார்டின் வேகத்தைக் கம்பெனிக்காரன் வைத்ததற்கும் கீழே இறக்கி, நொண்டி மாடாக ஓடவிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அதுவும் கறுத்தது. இந்த வேகத்தில் ரெண்டர் முடிவதற்குள் ரைஸ்மில்காரர் பேரனுக்குக் காது குத்திவிடுவார்.

வேகத்தை இவ்வளவு இறக்கியும் சாகிறதென்றால் கமல் ஏற்றியது காரணமாக இருக்கமுடியாது. இது அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதும் அதைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கே கெடுத்துவிட்டான், அதனால்தான் இப்போது எந்த வேகத்திலும் நிற்கவில்லை என்று முடிவு கட்டினாள். தெருவில் நின்று அவ்வளவு பேசியாகிவிட்டது. அவன் காரணமாக இருந்தால்தான் அவளுக்குச் சௌகரியம்.

மறுநாள் விடிந்ததும் சம்பூர்ணம் கட்டிலோரம் வந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"கமலு போய்ட்டான்மா."

"எங்க?"

"கம்பெனிக்கு. அவன் ஃபிரெண்டுகூட ராவே பேசிக்கினான் போல. காண்ட்ராக்டுல எடுத்துக்கறாங்களாம். இருட்டோட பஸ் ஏறிட்டான். ஒரு வாய் காப்பி குடிக்கல."

"போவட்டும் அத்தே. நாலு நாள் நின்னா புத்தி வரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த பஸ் அவளுக்குத் தெரியும். உள்ளே அடிக்கிற வேர்வையும் தைல நாற்றமும், ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்குகிறவர்களும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. தெருவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி பஸ் ஏறித் தன்னைக் கெட்டவளாக்குகிறான் என்று பட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கரி போன் செய்தாள். "இன்னாமா, நாளைக்கித் தருவியா, இல்ல ஆளப் பாக்கட்டுமா? அரகொறயா எதனா எடுத்துக்கினு வந்து நிக்காத."

"தர்றேன்கா."

போனை வைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டாள். வழக்கமாகத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். அன்றைக்கு அந்த எண் ஏறுவதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி செய்துபார்க்க ஒன்றுமில்லை. பழைய கம்பெனி ஓவர்கோட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டாள்.

சம்பூர்ணம் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு உள்ளே வந்தாள். தினமும் அவள் இந்த நேரத்துக்கு இந்த அறைக்கு வந்து போகிறவள்தான். சுகாசினிதான் கவனித்ததில்லை. மாமியார் செய்கிற காரியத்தில் கவனிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு எண்ணம். சம்பூர்ணம் மேஜைக்குப் பின்னால் போனாள். சுவரோரத்துப் பலகையை ஒரு கையால் தூக்கினாள். குனிந்து, தூக்கைக் குழிக்குள் இறக்கினாள்.

"அங்க இன்னா பண்றீங்க?"

"மாவு வெக்கறேன்."

"அங்கியா?"

"கார்த்திக மாசக் கடைசிலேருந்து இங்கதாம்மா வெக்கறேன். அடுப்பங்கரைல வெச்சா பனிக்கி அசையவே மாட்டேங்குது. இங்க உன் பொட்டிக்குப் பின்னால கதகதன்னு இருக்குது. இப்ப வெச்சா வெளக்கு வெக்கறதுக்குள்ள வழியுது." மருமகள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். "ஒயர்ல எல்லாம் படாமத்தாம்மா வெக்கறேன்."

சுகாசினி எழுந்துபோய் மண்டியிட்டாள். குழிக்குள் கையை விட்டாள். அடுப்பு மேடையில் குனிந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பின்னாலிருந்த மண்சுவரே காய்ந்து சூடேறிக்கிடந்தது. மாவுத்தூக்கின் அடியைத் தொட்டாள். இப்போதுதான் இறக்கியது, அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது.

அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. ஐப்பசியில் சின்னச் சின்னப் படம் செய்துகொண்டிருந்தவரை குழி தாங்கியது. மணிக்கணக்கில் ஓடுகிற வீடியோ வந்ததும் பெட்டி கக்கிய சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, அதையே பெட்டி திரும்ப உள்ளே இழுத்திருக்கிறது. குழி குளிர்ச்சிதான். அதில் அப்பா காலைத்தான் விட்டார், அம்மா தயிரைத்தான் வைத்தாள். அவள் அடுப்பை வைத்து, மேலே பலகையும் போட்டு மூடி, இதுதான் ஏசி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மாவுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது.

"ஒரு கை புடிங்க அத்தே."

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். ஓடவிட்டாள். எண் ஏறி, எழுபதில் வந்து உட்கார்ந்தது. அரைமணி தாண்டியது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சம்பூர்ணம் மாவுத்தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப இத எங்கம்மா வெக்கறது?"

"எங்கனா வெய்ங்க."

கடையிலிருந்து வந்த லோகேஸ்வரன் ஓடுகிற மெஷினை வாய் பிளந்து பார்த்தான். "எப்டி சரியாச்சி?"

"ஷோயப் போட்ட பேஸ்ட் இப்பதான் புடிச்சிருக்குது போல."

"அப்ப நம்ப கமல் கெடுத்து வெச்சதுதான் சரியாச்சின்னு சொல்லு."

சுகாசினி "உம்" என்றாள். சொன்னதும் வாய் கசந்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சங்கரி வீட்டில் பெண் வீட்டார் வீடியோ பார்த்தார்கள். பெண்ணின் அத்தை மட்டும் வாழைமரம் இன்னும் குண்டாக இருக்கவேண்டும் என்றாள். மற்றபடி எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் போனதும் சங்கரி பல்லைக் குத்திக்கொண்டே, "தை மாசத்து லிஸ்ட அனுப்பறேன், தூங்கிடாத" என்றாள். சங்கரியிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு செவிலிமேட்டுக்குத் திரும்பும்போது சுகாசினிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். எதிரே ஒரு கம்பெனி பஸ் கடந்துபோனது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமலிடம் சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்தாள். அவன் இருட்டில் போய், பொழுது சாய்ந்து வந்து, தின்றும் தின்னாமலும் படுத்துவிடுவான். அவள் திட்டிய நாளிலிருந்து உள்ளறைப் பக்கமே அவன் காலெடுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். என்னென்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். குழியைப் பற்றிக் கொஞ்சமாகவும், அவன் ஓவர்கிளாக் செய்ததைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவும் சொல்வதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் தலை சீவ உள்ளறைக்குப் போனான். அந்த வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி, அது உள்ளறையில்தான் தொங்கியது. சுகாசினி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மேஜைமேல் பக்கம் திறந்து ஓடுகிற பெட்டியைப் பார்த்தான். காலால் பலகையை லேசாக நகர்த்திக் காலிக் குழியைப் பார்த்தான். பலகையைப் பழையபடி தள்ளிவிட்டு, நிதானமாகத் தலை சீவிக்கொண்டு வெளியே வந்தான். கழுத்தில் அடையாள அட்டையின் கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். சுகாசினி பரிமாறினாள். லோகேஸ்வரன் ஒரு விள்ளல் பிட்டான், பிட வரவில்லை. அந்த மனுஷனே தலையைத் தூக்கிவிட்டான்.

"இன்னாமா, இட்லி கல்லு மாதிரி இருக்குது?"

"மாவு பொங்கலப்பா" என்றாள் சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து.

சுகாசினி சட்னிக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வாயைத் திறந்தாள். "கமலு, நான் உன்னாண்ட ஒண்ணு..."

கமல் அவளைப் பார்க்கவில்லை. இட்லியை இரண்டு கையாலும் பிட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பினான். "ஏம்மா, இனிமே மாவ எங்க வெப்பே?"

"அதாம்பா தெரியல. அண்ணி பொட்டிய மேல தூக்கிட்டா. குழி ஐஸு கணக்கா இருக்குது."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கமல் இட்லியைச் சட்னியில் தோய்த்தான்.

லோகேஸ்வரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாவுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவும் இல்லை. சுகாசினிக்குக் காதெல்லாம் சுட்டது. இவன் நாள் முழுக்க வீட்டில் கிடந்தவன். தன் அம்மா எங்கே மாவு வைக்கிறாள் என்று இவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். ஒருமுறை சொல்லிப் பார்த்தான், மறுமுறை தெருவில் வைத்துச் சொல்ல வந்தான். அவள் கேட்கவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"நீ கம்பெனிய வுட்டுடு கமலு" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. "வேற நல்லதாப் பாக்கலாம். இங்கயே இரு."

"இருக்கட்டும் அண்ணி" என்றான் கமல் ரொம்ப மரியாதையாக. "அங்க நல்லாருக்குது. ஏசி போடறான்."

தட்டை அவள் பக்கமாக நகர்த்தி, "இன்னொண்ணு வெய்ங்க" என்றான். அவள் குண்டானிலிருந்து ஒரு இட்லியை எடுத்து வைத்தாள். அது தட்டில் டக்கென்று விழுந்தது.